பஞ்சு, வீக்கம், பல்லக்கு: ஆடம்பர மொழியை ஏசும் ஆங்கிலச் சொற்கள் குறித்து

1

ஒருவருடைய பேச்சையோ எழுத்தையோ ‘சும்மா ஊதிப் பெருக்கினது’ன்னு ஏசுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கிற சொற்களைக் கணக்கெடுத்தால் இருபதுக்கு மேல் தேறும். பாம்பாஸ்ட், ஃபஸ்டியன், டர்ஜிட், பாம்பஸ், கிராண்டிலோக்வென்ட், ஓரோடண்ட், ரோடோமோன்டேட், கிளாப்டிராப், பங்க்கம், கான்ட், ஜார்கன், காபிள்டிகூக், டபுள்ஸ்பீக் என்று பட்டியல் நீளும். மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிற எனக்கு இவை அடிக்கடி எதிர்ப்படுகின்றன. ‘ஆடம்பர நடை’, ‘வெற்றாரவாரம்’, ‘சொற்பகட்டு’ என்கிற மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகியிருக்கிறது. அப்படிச் சமாளிக்கும்போது அந்தந்தச் சொல் என்ன குற்றத்தைச் சுமத்துகிறது என்பது காணாமல் போகிறது. எல்லாக் குற்றத்துக்கும் ஒரே பிரிவில் வழக்குப் போடுகிற காவல் நிலையம் மாதிரி ஆகிவிடுகிறது நம் விமர்சன மொழி.

இது அகராதிக்காரர்களின் கவலை மட்டும்தானா என்று கேட்கலாம். அப்படி இல்லை. ஒரு கவிதையை ‘வெறும் சத்தம்’ என்கிறோம், ஒரு கோட்பாட்டுக் கட்டுரையை ‘புரியாத பகட்டு’ என்கிறோம், அரசாணை ஒன்றை ‘வளவளா’ என்கிறோம். இந்த மூன்றும் ஒரே நோய் அல்ல. முதலாவதில் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள விகிதம் கெட்டிருக்கிறது. இரண்டாவதில் ஒருவேளை எந்தக் கோளாறும் இல்லாமலே இருக்கலாம். மூன்றாவதில் ஒருத்தர் பொறுப்பை யாரோ திட்டமிட்டு மறைத்திருக்கிறார்கள். மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நியாயமான எழுத்தை அடித்துவிட்டு அயோக்கியத்தனமான எழுத்தைத் தப்பவிடுவோம். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, இன்று எப்படிப் புழங்குகின்றன, யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று பார்ப்பது இதற்கு உதவும் என்று நினைக்கிறேன்.

2

முதலில் துணிக்கடைக்குள் நுழைவோம். பாம்பாஸ்ட் என்பது இடைக்கால லத்தீனின் ‘பாம்பாக்ஸ்’, அதாவது பஞ்சு, என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களின் மேற்சட்டைக்குள் பஞ்சை அடைத்து மார்பையும் தோளையும் பெரிதாக்கிக் காட்டும் மோஸ்தர் இருந்தது. அடைக்கிற அந்தப் பஞ்சுக்குப் பெயர் பாம்பாஸ்ட். 1583இல் ஃபிலிப் ஸ்டப்ஸ் என்பவர் தன் காலத்துச் சீர்கேடுகளைச் சாடி எழுதிய நூலில், ஒரு சட்டைக்குள் நாலு, ஐந்து, ஆறு பவுண்டு பஞ்சு வரை திணிக்கிறார்களே என்று புலம்புகிறார். உடம்பு சின்னது, சட்டை பெரிசு, நடுவில் பஞ்சு. 1580களிலேயே இந்தச் சொல் மொழிக்குத் தாவிவிட்டது.

தாவரவியலில் முள்ளிலவ மரத்தின் பேரினப் பெயரும் பாம்பாக்ஸ்தான். நம் ஊர் ‘இலவு காத்த கிளி’யை நினைத்துக்கொண்டால் பாம்பாஸ்டின் பொருள் சட்டென்று பிடிபடும். காய் முற்றும், பழுக்கும் என்று காத்திருந்து, வெடித்தபோது பஞ்சு பறக்கிறது. பாம்பாஸ்டிக் பேச்சைக் கேட்டு முடித்தவர் அடைவது அந்தக் கிளியின் ஏமாற்றத்தைத்தான்.

தமிழிலும் மொழிக்குத் துணி உருவகம் உண்டு. ஆனால் திசை வேறு. நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். பவணந்தியின் நன்னூல் பாயிரத்தில் சொல் பஞ்சாகவும், புலவன் நூற்கிற பெண்ணாகவும், வாய் கையாகவும், அறிவு கதிராகவும் உருவகிக்கப்படுகின்றன. இங்கே பஞ்சு பழிப்புக்குரிய பொருளே இல்லை, அது கச்சாப்பொருள். அதை நூற்றால் நூல். இந்தக் கணக்கில் பாம்பாஸ்டை ‘நூற்காத பஞ்சு’ என்று தமிழில் விளக்கலாம். சொற்கள் இருக்கின்றன, வேலை நடக்கவில்லை.

அடுத்தது ஃபஸ்டியன். பாவு லினனிலும் ஊடை பருத்தியிலும் நெய்த முரட்டுத் துணி. கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்வாருண்டு. சில வகை ஃபஸ்டியன் மேலே வெல்வெட் போல மயிர்ப்பரப்புடன் இருக்கும். பாம்பாஸ்ட் அளவைக் குறைசொல்கிறது. ஃபஸ்டியன் தரத்தைக் குறைசொல்கிறது: உயர்ந்த ஒலி, மட்டமான சரக்கு. அதனால்தான் நாடக வசனத்தையும் மேடை உரையையும் ஃபஸ்டியன் என்று சொல்வது ஆங்கில விமர்சனத்தில் பழகிப்போனது. இன்று இச்சொல்லைப் பேச்சில் கேட்பது அரிது. புத்தக மதிப்புரைகளில் இன்னும் தலைகாட்டும்.

மூன்றாவது துணி ஊதா. ‘பர்ப்பிள் புரோஸ்’ என்கிற வசைக்கு மூலம் கி.மு. முதல் நூற்றாண்டுக் கவி ஹோரஸின் ‘கவிதைக் கலை’. சாதாரணமாகப் போகிற எழுத்தில் நடுவே ஒரு கருஞ்சிவப்பு ஒட்டுத்துணியைத் தைத்து ஜொலிக்கவிடுகிறார்கள் என்று அவர் கேலி செய்கிறார். கடல் நத்தையிலிருந்து எடுத்த அந்தச் சாயம் ரோமானியச் சமூகத்தில் பதவிக்கும் பணத்துக்கும் அடையாளம். ஆகவே இந்த வசையின் மூல அர்த்தம் அழகாக எழுதாதே என்பதல்ல. இடம் பொருந்தாமல் ஒட்டுப்போடாதே என்பதுதான்.

இதே ஹோரஸ் இதே கவிதையில், ஒன்றரை அடி நீளச் சொற்களைப் பற்றியும் பேசுகிறார். ஆங்கிலத்தில் நீண்ட சொல் மோகத்தைக் குறிக்கிற ‘செஸ்க்விபெடாலியன்’ இதிலிருந்து வந்ததுதான். அவர் சொல்கிற சந்தர்ப்பம் முக்கியமானது. அரச குலத்துப் பாத்திரம் ஒன்று வறுமைக்கும் நாடுகடத்தலுக்கும் ஆளாகி நிற்கும்போது, பார்ப்பவர் மனசைத் தொட வேண்டுமானால் அந்த நீளச் சொற்களை வீசி எறிந்துவிட வேண்டும் என்கிறார். துயரத்தில் இருக்கிறவனுக்கு அலங்காரம் ஒட்டாது என்கிற பார்வை இரண்டாயிரம் வருஷம் பழசு.

3

துணியை விட்டு உடம்புக்கு வந்தால் டர்ஜிட், டியூமிட் என்று இரண்டு சொற்கள். இரண்டும் லத்தீனில் வீங்குதல் என்று பொருள்படும் வினைகளிலிருந்து வந்தவை. டியூமிட்டுக்கும் டியூமருக்கும் வேர் ஒன்றுதான். தாவர உயிரணு தண்ணீர் குடித்து விறைத்து நிற்பதையும் அறிவியலில் டர்ஜிட் என்பார்கள். நடையைப் பற்றிச் சொல்லும்போது வீங்கிப்போய், கனத்து, நகர மறுக்கிற உரைநடை என்று அர்த்தம். இதில் சத்தமே இருக்க வேண்டியதில்லை. பாம்பாஸ்ட் மேடையில் நடக்கும், டர்ஜிட் மேசையில் நடக்கும். ஆளை டர்ஜிட் என்று யாரும் சொல்வதில்லை; அவர் எழுதின நாவலைத்தான் சொல்வார்கள். கலங்கல் என்ற பொருளுடைய ‘டர்பிட்’டோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஆங்கிலேயர்களிலும் உண்டு. வீக்கம் வேறு, கலங்கல் வேறு.

பாம்பஸ் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். இதன் கிரேக்க வேருக்குப் பொருள் ஊர்வலம், பவனி. பல்லக்கு, குடை, முன்னே போகிற கொம்பு வாத்தியம் எல்லாம் சேர்ந்ததுதான் ‘பாம்ப்’. அந்த மாதிரித் தன்னைத்தானே பல்லக்கில் தூக்கிக்கொண்டு வருகிறவர் பாம்பஸ். மொழியை விடவும் ஆளைக் குறிவைக்கிற சொல் இது. ஒருவர் நான்கே வார்த்தை பேசினாலும் பாம்பஸாக இருக்க முடியும். மறுபுறம், ரொம்ப எளிமையான ஆள் எழுதின கடிதம்கூட வெர்போஸாக, அதாவது சொல் மிகுந்ததாக, இருக்கலாம். வெர்போஸ், புரோலிக்ஸ் ஆகிய இரண்டும் நீளத்தை மட்டுமே குறைசொல்கின்றன, அகந்தையைக் குறைசொல்வதில்லை. நம் மொழிபெயர்ப்புகளில் இந்தக் கோடு அழிந்துபோகிறது.

கிராண்டிலோக்வென்ட், மேக்னிலோக்வென்ட் இரண்டுக்கும் ‘பெரிதாகப் பேசுகிற’ என்பதே வேர்ப்பொருள். இவற்றில் வசையோடு லேசான வியப்பும் கலந்திருக்கும். ஓரோடண்ட் இன்னும் சுவாரஸ்யம்: ‘உருண்ட வாயால்’ என்று பொருள்தரும் ஹோரஸின் தொடரிலிருந்து பிறந்தது. கிரேக்கர்களுக்குக் கலைமகள் கொடுத்த வரமாக, பாராட்டாகத்தான் அவர் அதைச் சொன்னார். இன்றைக்கும் ஒருவருடைய குரலை ஓரோடண்ட் என்றால் கணீரென்ற குரல்; எழுத்தை அப்படிச் சொன்னால் நீட்டி முழக்குகிறார் என்று அர்த்தம்.

ஆங்கிலத்தில் ஆடம்பரம் பெரும்பாலும் லத்தீன் உடையிலேயே வருவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்தன. வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம் இருந்தது. தொடங்குவதற்கு ‘பிகின்’ என்றும் ‘கமென்ஸ்’ என்றும் இரட்டைச் சொற்கள் அதனால் உண்டாயின. 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் லத்தீனிலிருந்து சொற்களை அள்ளிக் கொட்டியபோது, அவற்றை ‘இங்க்ஹார்ன்’ சொற்கள், அதாவது மைக்கூட்டுச் சொற்கள், என்று கிண்டலடித்தார்கள். 1553இல் தாமஸ் வில்சன் தன் சொற்கலை நூலில் இந்த மோகத்தைச் சாடினார். ஆக, ஆடம்பர மொழியை ஏசுகிற ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் எப்போதும் யார் மேலே, யார் கீழே என்கிற ஒரு வர்க்கக் கணக்கு இருக்கிறது.

4

இனி பொது இடத்துக்குப் போகலாம். ரோடோமோன்டேட் என்பது வீராப்பு. போயார்டோ, அரியோஸ்டோ ஆகிய இத்தாலியக் கவிகளின் காவியங்களில் வருகிற ரோடோமோன்டே என்னும் தற்பெருமைக்கார சாரசென் அரசனின் பெயர் அது. தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே இல்லை: சவடால், உதார், ஜம்பம். கிளாப்டிராப் 18ஆம் நூற்றாண்டு நாடகக் கொட்டகையின் சொல். கைதட்டலைப் பிடிக்க வைக்கிற பொறி என்பது நேர்ப்பொருள். இந்த இடத்தில் கை தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டு வைத்த வசனம். நம் மேடைகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பங்க்கம் பிறந்த கதை கொஞ்சம் கசப்பானது. 1820இல் அமெரிக்கக் காங்கிரஸில் மிசௌரியை அடிமை முறையுள்ள மாநிலமாகச் சேர்ப்பதா என்ற விவாதம் நடந்துகொண்டிருந்தது. வட கரோலினாவின் பங்க்கம் கவுண்டியை உள்ளடக்கிய தொகுதியின் உறுப்பினர் ஃபீலிக்ஸ் வாக்கர் எழுந்து சம்பந்தமில்லாமல் நீளமாகப் பேச ஆரம்பித்தார். உட்காரச் சொன்னார்கள். தான் சபைக்காகப் பேசவில்லை, தன் ஊர்க்காரர்கள் கேட்பதற்காகப் பேசுவதாகச் சொன்னாராம். அன்றிலிருந்து வெற்று அரசியல் பேச்சுக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்தது. பிறகு ‘பங்க்’ என்று சுருங்கி, 1923இல் வில்லியம் உட்வர்டின் நாவலில் ‘டீபங்க்’ என்ற வினையாக வளர்ந்தது. இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்வார்கள். வாக்கர் வெட்டிப் பேச்சு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சபையின் முன்னால் இருந்தது மனிதர்களை விற்பது வாங்குவது பற்றிய கேள்வி என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

காபிள்டிகூக் 1944இல் பிறந்தது. டெக்சாஸ்காரரான மாரி மாவெரிக், போர்க்காலச் சிறு தொழிற்சாலைகளுக்கான அரசு நிறுவனத்தின் தலைவராக இருந்தார். தனக்கு வந்து குவிகிற அதிகாரிகளின் கடிதங்களைப் படித்து வெறுத்துப்போய், இனி அந்த மொழி வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். ‘ஆக்டிவேஷன்’, ‘இம்ப்ளிமென்டேஷன்’ மாதிரிச் சொற்களை எழுதுகிறவர் சுடப்படுவார் என்று அதில் மிரட்டலும் உண்டு. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஊரில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொக்கரித்துத் திரிகிற வான்கோழியின் ஞாபகத்தைச் சொன்னார். நமக்கும் மூதுரையில் ஒரு வான்கோழி உண்டு. அது மயிலைப் பார்த்து ஆட முயல்கிற, படிக்காதவனுக்கு உவமையாகிற வான்கோழி. மாவெரிக்கின் வான்கோழியோ படித்த அதிகாரி. ஒரே பறவையை வைத்து ஒரு மரபு கீழே இருப்பவனைக் கேலி செய்கிறது, இன்னொன்று மேலே இருப்பவனை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; திரும்பவும் இதற்கு வருவேன்.

கான்ட் என்பது பாடுதல் என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. முதலில் பிச்சைக்காரர்களின் இழுத்துப் பாடுகிற கெஞ்சலைக் குறித்தது. பிறகு திருடர், நாடோடிகளின் குழூஉக்குறியை. அதன் பிறகுதான் நம்பாமலே ஒப்பிக்கிற பக்தி வாசகத்தை, ஊருக்குச் செய்கிற உபதேசத்தை. ஜார்கன் பழைய பிரெஞ்சில் பறவைகளின் கீச்சொலி. இன்று துறைச்சொற்களைக் குறிக்கிறது. நெசவாளி பாவு, ஊடை, நாடா என்று பேசுவது ஜார்கன்தான். அதில் எந்தக் குற்றமும் இல்லை, தறி ஓடுவதற்கு அது வேண்டும். அந்தப் பேச்சை அதற்குத் தொடர்பில்லாதவர்கள் முன்னால் பந்தாவுக்காக விரிக்கும்போதுதான் அது வசையாகிறது.

டபுள்ஸ்பீக்கை ஜார்ஜ் ஆர்வெல் உண்டாக்கினார் என்று பலரும் எழுதுகிறார்கள். அவருடைய 1949ஆம் வருட நாவலில் இருப்பவை நியூஸ்பீக், டபுள்திங்க் என்பவை. டபுள்ஸ்பீக் அவற்றைப் பார்த்துப் பின்னால் பழக்கத்தில் ஊன்றியது. அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கவுன்சில் 1974இல் தொடங்கிய டபுள்ஸ்பீக் ‘விருது’ முதலில் கம்போடியாவிலிருந்த அமெரிக்க விமானப்படை அதிகாரி ஒருவருக்குப் போனது. எப்போது பார்த்தாலும் குண்டுவீச்சு என்றே எழுதுகிறீர்களே, அது குண்டுவீச்சு இல்லை, விமான ஆதரவு என்று அவர் நிருபர்களிடம் கோபித்துக்கொண்டதற்காக. இதில் பஞ்சும் இல்லை, வீக்கமும் இல்லை. இரண்டே சொல், அதுவும் சின்னச் சொல். ஆனால் அடியில் பிணம் கிடக்கிறது. 1946இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி ஆர்வெல் எழுதிய கட்டுரையின் முக்கியமான பகுதி இதைப் பற்றியதுதான். பலர் அதிலிருந்து ‘சின்ன வாக்கியமாக எழுது’ என்ற விதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

5

இதுவரை சொற்களைப் பார்த்தோம். இவற்றை யார் யார் மேல் எறிந்தார்கள் என்று பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

1592இல் ராபர்ட் கிரீன் பெயரில் ஒரு சிறு நூல் வெளியானது. கிரீன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர். நடிகனாக இருந்துகொண்டு, எங்கள் இறகுகளைச் செருகிக்கொண்டு, தானும் செய்யுளைப் பஞ்சடைக்க முடியும் என்று நினைக்கிற ஒரு திடீர்க் காக்கை என்று ஒருவரை அதில் திட்டுகிறார். அந்தக் காக்கை பல்கலைக்கழக வாசலை மிதிக்காத ஷேக்ஸ்பியர் என்பது ஆய்வாளர்களின் பொதுக்கருத்து. பாம்பாஸ்ட் என்ற வசை அங்கே நடையைப் பற்றியதா, படிக்காதவன் நாடகம் எழுத வந்துவிட்டானே என்ற எரிச்சலைப் பற்றியதா?

ஷேக்ஸ்பியரே இந்தச் சொல்லை ஒரு வாயில் வைத்துக் காட்டுகிறார். 1604இல் நடிக்கப்பட்ட ‘ஒத்தெல்லோ’வின் முதல் காட்சியில் இயாகோ தன் தளபதியைப் பற்றிக் குறைசொல்லும்போது, போர்ச் சொற்களைத் திணித்த பஞ்சுப் பேச்சு என்கிற பொருளில் பேசுகிறான். கறுப்பின மனிதனின் கம்பீரமான பேச்சு அவனுக்குப் பாம்பாஸ்டாகக் கேட்கிறது. ஆனால் அந்த நாடகத்தில் எல்லோரும் ‘நேர்மையான’ ஆள் என்று நம்புவது யாரை? வெடுக்கென்று, பூச்சில்லாமல், சிப்பாய் மாதிரிப் பேசுகிற இயாகோவைத்தான். எளிய மொழியும் உண்மையும் ஒன்று என்று நம்புகிறவர்கள் இந்த நாடகத்தை மறுபடி படிக்க வேண்டும்.

மெக்காலேவுக்கு வருவோம். 1831இல் டாக்டர் ஜான்சனைப் பற்றிய ஒரு மதிப்புரையில், ஜான்சன் பேசும்போது நல்ல ஆங்கிலம் பேசுகிறார், அச்சுக்குப் போகும்போது அதை ‘ஜான்சனீஸ்’ என்ற பாஷையில் மொழிபெயர்த்துவிடுகிறார் என்று கிண்டலடித்தார் மெக்காலே. நாலே வருஷம் கழித்து, 1835 பிப்ரவரியில், இந்தியாவின் கல்வி பற்றிய புகழ்பெற்ற குறிப்பை எழுதியவரும் அவரே. அந்தக் கல்வியில் இந்தியப் பையன்கள் மில்டனையும் அடிசனையும் ஜான்சனையும் உருப்போட்டார்கள். குமாஸ்தா ஆனார்கள். படித்த மாதிரியே எழுதினார்கள். உடனே அதற்கு ‘பாபு இங்கிலீஷ்’ என்று ஒரு பெயர் வைத்து லண்டன் சிரித்தது. எஃப். ஆன்ஸ்டி 1897இல் ஜாபர்ஜி என்ற வங்காளி பாபுவை வைத்து ஒரு நகைச்சுவை நூலே வெளியிட்டார். பகட்டு நடையைப் பாடமாக வைத்தவர்களே, அதைக் கற்று ஒப்பித்தவனைப் பகட்டுக்காரன் என்றார்கள். ஷெரிடனின் 1775ஆம் வருட நாடகத்தில் வருகிற மிஸஸ் மாலப்ராப்பும் இப்படித்தான். பெரிய சொற்களை இடம் மாற்றிப் போடுகிற அந்தப் பெண்ணின் பெயர் மொழிக்குள் வசையாக நிலைத்துவிட்டது. மேலே இருப்பவனின் நீளச் சொல்லுக்குப் பெயர் சொல்வன்மை. கீழிருந்து ஏறி வருகிறவன் கையில் அதே சொல் வந்தால் அதற்குப் பெயர் கோமாளித்தனம். மூதுரை வான்கோழி நிற்கும் இடம் இதுதான்.

எதிர்த்திசையில் நடந்த ஒரு சம்பவமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஃபஸ்டியன் துணி தொழிலாளிகளின் உடையாகியிருந்தது. 1838இல் ஆறு கோரிக்கைகளுடன், வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்டு எழுந்த சாசன இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓ’கானர், தன்னைப் பின்தொடர்ந்தவர்களை ஃபஸ்டியன் சட்டைக்காரர்கள் என்று விளித்துப் பேசினார், எழுதினார். அரச நிந்தனை வழக்கில் யார்க் கோட்டைச் சிறையில் இருந்துவிட்டு 1841 ஆகஸ்டில் வெளியே வந்தபோது, அவர் உடம்பில் ஃபஸ்டியன் உடுப்பு இருந்தது. படித்தவர்கள் இருநூற்றைம்பது வருஷமாக வசைக்குப் பயன்படுத்தி வந்த துணி, அன்றைக்கு ஆயிரக்கணக்கான பேருக்குத் தாங்கள் யார் என்று காட்டிக்கொள்கிற கொடியானது. ஓ’கானரின் பேச்சே வெறும் ஆரவாரம் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் சிலர் ஒதுக்கியதுண்டு. ஓட்டுரிமை இல்லாதவர்கள் கூடிய திறந்தவெளியில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பெருங்கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவனின் குரல் உயராமல் என்ன செய்யும்?

6

நமக்கு நெருக்கமான கேள்வி கடைசியாக. 1980களிலும் 90களிலும் அமைப்பியலும் பின்நவீனத்துவமும் தமிழுக்கு வந்தபோது ‘புரியவில்லை’ என்ற குரல் எழுந்தது. அதே காலத்தில் ஆங்கிலத்திலும் அது நடந்தது. 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோகல், வேண்டுமென்றே அபத்தமாக எழுதிய ஒரு கட்டுரையை ‘சோஷியல் டெக்ஸ்ட்’ இதழுக்கு அனுப்பினார், அது அச்சாகிவிட்டது. 1998இல் ‘ஃபிலாசஃபி அண்ட் லிட்டரேச்சர்’ இதழ் ‘மோசமான எழுத்து’ப் போட்டியில் ஜூடித் பட்லருக்கு முதல் பரிசு கொடுத்தது. மறு வருஷம் ‘நியூயார்க் டைம்ஸ்’ஸில் அடோர்னோவைத் துணைக்கழைத்து பட்லர் பதில் எழுதினார்: பொதுப்புத்தி என்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பதையே கேள்வி கேட்க வேண்டுமானால் அதே பொதுப்புத்தியின் மொழி போதாமல் போகலாம் என்கிற வாதம்.

இரண்டு பக்கமும் எனக்கு ஒப்புதல் உண்டு. சோகல் காட்டியது பாம்பாஸ்டை: கடன் வாங்கிய இயற்பியல் சொற்களை உருவிவிட்டால் அடியில் ஒன்றுமில்லை. பட்லர் காத்து நின்றது ஜார்கனை: சொல்லை எடுத்தால் சிந்தனையும் கூடவே போய்விடும். இரண்டுக்கும் ஒரே வசையை வீசினால் விவாதம் முட்டிக்கொண்டு நின்றுவிடும். நம் இதழ்களில் பெரும்பாலும் அதுதான் நடந்தது.

ஆனால் ‘கடினமான சிந்தனைக்குக் கடினமான மொழி’ என்பது அரசு அலுவலகத்துக்குச் சலுகையாகிவிடக் கூடாது. கிறிஸ்ஸி மேஹர் என்ற லிவர்பூல் பெண்மணி பதின்வயதின் நடுப்பகுதி வரை எழுதப் படிக்கத் தெரியாதவர். 1979இல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில், ஏழைகளுக்குப் புரியாத அரசுப் படிவங்களைப் பொதுவில் கிழித்துத் துண்டாக்கி ‘பிளெயின் இங்கிலீஷ்’ இயக்கத்தைத் தொடங்கினார். உதவித்தொகைப் படிவம் புரியாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அங்கே பட்லரின் நியாயம் செல்லாது.

இதை நான் நேரிலும் பார்த்தேன். கரையோரக் குடியிருப்பு ஒன்றுக்கு வந்த ஆங்கில அறிவிப்பைத் தமிழில் படித்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். ‘மறுசீரமைப்பின் பொருட்டு அடையாளம் காணப்பட்டுள்ள பகுதியிலிருந்து இடப்பெயர்வு மேற்கொள்ளப்படும்’ என்பது போல ஒரு வாக்கியம். நான் படித்து முடித்ததும் ஒரு அம்மா கேட்டார்: “தம்பி, வீட்ட இடிக்கப்போறாங்களா இல்லியா? எப்ப? யாரு வந்து இடிப்பா? அத மட்டும் சொல்லு.” வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தேன். எப்போது என்பது இல்லை. யார் என்பது இல்லை. இலக்கணப்படி அதில் எழுவாய் செத்துப்போயிருந்தது. ‘மேற்கொள்ளப்படும்’. யாரால்? அந்த அம்மா கேட்ட மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பும் மனுவின் முதல் மூன்று வரியாக வைத்தோம்.

அதிலிருந்து, எந்த எழுத்தைப் பார்த்தாலும் எனக்குள் கேட்டுக்கொள்கிற சில கேள்விகள் உருவாயின. சொல்லை உருவினால் பொருள் மிஞ்சுகிறதா? மிஞ்சாவிட்டால் பாம்பாஸ்ட். நீளம் மட்டும்தான் குறையா? அப்படின்னா வெர்போஸ், கத்தரித்தால் சரியாகிவிடும், ஆளைத் திட்ட வேண்டாம். சொல் கடினமானாலும் அந்தச் சொல் இல்லாமல் அந்த வேலை நடக்குமா? நடக்காதென்றால் ஜார்கன், விளக்கம் கேட்கலாம், தள்ளிவிடக் கூடாது. செய்தது யார் என்பது மறைந்திருக்கிறதா? அப்படியானால் டபுள்ஸ்பீக்; அதோடு சமரசமே கூடாது. கடைசியாக ஒன்று: இந்த வசையைச் சொல்கிற நான் மேலே நின்று கீழே பார்த்துச் சொல்கிறேனா, கீழே நின்று மேலே பார்த்தா?

தமிழில் சொற்கள் இல்லை என்பதும் சரியல்ல. நன்னூல் எண்ணுகிற பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் தனித்தனியாக இருக்கின்றன. வெர்போஸுக்கும் பாம்பாஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அதுதான். பேச்சில் இன்னும் தாராளம். வீராப்புக்குச் சவடால், அதிகாரியின் நழுவலுக்கு வழவழா கொழகொழா, கான்ட்டுக்கு ஊருக்கு உபதேசம், டபுள்ஸ்பீக்குக்குப் பூசி மெழுகல், ஓரோடண்டுக்கு நீட்டி முழக்கல். கொச்சை என்று நாம் எழுத்திலிருந்து ஒதுக்கி வைத்த இந்தச் சொற்கள் குற்றத்தைத் துல்லியமாகப் பிரித்துச் சொல்கின்றன. அடுத்த தடவை ஒரு நூலையோ அறிக்கையையோ ‘வெற்றாரவாரம்’ என்று எழுதக் கை போகும்போது, இவற்றில் எது என்று ஒரு நிமிஷம் நின்று தேர்ந்து எழுதிப் பார்க்கலாம். அப்படி எழுதினால், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியும்.